துருப்பிடிக்காது, ஆனால் முறியும்: மர வேலைக்கு எஸ்.எஸ். ஸ்க்ரூ

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஹார்டுவேர் கடையில் “துருப்பிடிக்காத ஸ்க்ரூ கொடுங்க” என்று கேட்டால், வெவ்வேறு குணம் கொண்ட மூன்று உலோகங்களில் ஏதோ ஒன்று கைக்கு வரும். மூன்றும் வெள்ளையாக மின்னும், மூன்றுக்கும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றுதான் பெயர். ஒன்று மழையிலும் வெயிலிலும் பல்லாண்டு நிற்கும், ஆனால் மென்மையானது. இன்னொன்று கடினமானது, ஆனால் வெளியில் வைத்தால் சீக்கிரமே பழுப்பேறும். மூன்றாவது விலை குறைந்தது, துருவைத் தாங்குவதிலும் குறைந்தது. வாங்குகிறவர் துருவை மட்டும் நினைத்து வாங்குகிறார். வேலை கெடுவதோ பெரும்பாலும் துளை போடும் இடத்தில். நல்ல எஸ்.எஸ். ஸ்க்ரூ துருவைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. அளவு, துளை, மரம், கருவி எல்லாவற்றையும் இந்தக் குணத்தை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் உலோகம். எஸ்.எஸ். ரகங்களை எண்ணால்தான் சொல்வார்கள். மர வேலைக்கு நம்பி வாங்க வேண்டியது 304. இதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். போல்ட், கோச் ஸ்க்ரூ (ஸ்பானரால் முடுக்கும் தடித்த மர ஸ்க்ரூ) போன்ற பெரிய உருப்படிகளின் தலையில் ஏ2-70 என்று புடைப்பாக அச்சிட்டிருந்தால் அது இந்த வகை. 70 என்பது 700 மெகாபாஸ்கல் இழுவலிமையைக் குறிக்கும். 316 அதற்கும் மேலானது. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பையும் குளோரினையும் கூடுதலாகத் தாங்கும், அதன் குறி ஏ4. 410 வேறு சாதி. குரோமியம் 12 சதவீத அளவில்தான், நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது. ஆனால் சூடேற்றிக் குளிரவைத்துக் கடினப்படுத்தலாம். தகரக் கூரைக்கு அடிக்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூக்களில் எஸ்.எஸ். என்று விற்பவை பெரும்பாலும் இதுதான். இவை தவிர 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்தது. வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்குப் போதும், மழைபடும் வேலைக்கு வேண்டாம்.

கடையிலேயே பிரித்தறிய ஒரு சிறு காந்தம் போதும், ஆனால் பாதி விடைதான் கிடைக்கும். 410 காந்தத்தில் பட்டென்று ஒட்டும். 304 ஒட்டாது, அல்லது மரை உருட்டிய பகுதியில் மட்டும் லேசாக இழுக்கும். குளிர்நிலையில் உருட்டும்போது உலோகத்தின் அமைப்பு சற்று மாறுவதால் வரும் இழுப்பு அது, அதற்காகப் போலி என்று தள்ளிவிடக் கூடாது. 304க்கும் 202க்கும் வேறுபாட்டைக் காந்தம் காட்டாது. பழைய இரும்பு, எஸ்.எஸ். வாங்கும் வியாபாரிகள் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பார்கள், சொட்டு சிவந்தால் 200 வரிசை, அதாவது 202 போன்றவை. பெரிய வேலைக்கு மொத்தமாக வாங்கும்போது இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்வதில் தயக்கமே வேண்டாம். பில்லில் “எஸ்.எஸ்.” என்று மட்டும் எழுதாமல் 304 என்று எண்ணோடு எழுதி வாங்குவதும் நல்லது.

சாதாரண இரும்பு ஸ்க்ரூ ஏன் ஆகாது என்பதற்கு மரத்திலேயே காரணம் இருக்கிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துத்தான் பழைய நாளில் மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்தால் கருநீலம். இதே வேதிவினை கருவேலம், தைலமரம், தேக்கு போன்ற துவர்ப்புள்ள மரங்களில் இரும்பைச் செலுத்தி நனையவிட்டால் ஸ்க்ரூ தலையைச் சுற்றி நடக்கும். முதல் மழையிலேயே கறுப்புக் கோடு வழியும். கறை அழகுக்குத்தான் கேடு, அதை லிட்டருக்கு 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துப் பூசிக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும் (நஞ்சு, கையுறை கட்டாயம்). உள்ளே நடப்பதுதான் ஆபத்து. துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும், மரத்தைப் பிளக்கும். இரும்பும் ஈரமும் சேர்ந்து துளையைச் சுற்றியுள்ள நாரையும் அரித்து மாவாக்கும். அப்புறம் ஸ்க்ரூவைக் கையாலேயே உருவலாம்.

ஜிப்சம் போர்டுக்கான கறுப்பு ஸ்க்ரூவை வாசல் கேட், ஊஞ்சல், மாட்டுத் தொழுவம் என்று எங்கு பார்த்தாலும் அடிக்கிறார்கள். மலிவு, கூர்மை, துளை போடாமலே இறங்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது உடையும் தன்மை கொண்ட கடினமான இரும்பு, பக்கவாட்டுச் சுமை வந்தால் வளையாமல் தலை துண்டாகும். ஆள் ஏறும், ஆள் உட்காரும் எதிலும் அதைப் பயன்படுத்தவே கூடாது.

இனி, எஸ்.எஸ். முறிவதைப் பார்ப்போம். கடினப்படுத்திய இரும்பு ஸ்க்ரூ தாங்கும் முறுக்கை அதே தடிமனுள்ள 304 தாங்காது. 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவர் 150 நியூட்டன் மீட்டருக்கும் மேல் முறுக்குத் தரும். 6 மி.மீ. 304 ஸ்க்ரூ முறிய அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். துளை சிறியதாக இருந்தால் மரை மரத்தை வெட்டிக்கொண்டு போகும்போதே தடை ஏறும், கடைசிச் சில மில்லிமீட்டரில் தலை பலகையில் அமரும்போது இன்னும் ஏறும், அங்கேதான் கழுத்தில் அறுந்து தலை மட்டும் கையில் வரும். ஸ்க்ரூ மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் துளையை அளந்து பார்க்க வேண்டும்.

துளை அளவுக்கு நம்பகமான வழி, காலிப்பரால் ஸ்க்ரூவின் மரைக்கு இடையில் உள்ள தண்டை அளப்பது. தேக்கு, வேம்பு போன்றவற்றுக்கு அந்தத் தண்டு அளவே பிட் அளவு. பைன், சில்வர் ஓக் போன்றவற்றுக்கு அரை மி.மீ. குறைவு. புளி, கருவேலம் போன்ற கல்மரங்களுக்கு கால் முதல் அரை மி.மீ. கூடுதல். காலிப்பர் இல்லாதவர்களுக்கு: 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மென்மரத்தில் 3, கடினமரத்தில் 3.5. 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3.5, தேக்கில் 4, புளியில் 4.5. 8 மி.மீ. கோச் ஸ்க்ரூவுக்கு மென்மரத்தில் 5, கடினமரத்தில் 6. துளை ஸ்க்ரூ இறங்கும் ஆழம் முழுதும் போக வேண்டும், பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் தவறாது.

இது கீழ் மரத்துக்கான துளை. மேலே வைக்கும் பலகையில் ஸ்க்ரூவின் முழுத் தடிமனுக்கு, 5 மி.மீ. ஸ்க்ரூ என்றால் 5 அல்லது 5.5 மி.மீ. துளை வேண்டும். பலர் விடுவது இதைத்தான். இரண்டு மரத்திலும் மரை பிடித்துக்கொண்டால், நடுவில் இடைவெளி இருக்கும்போதே இரண்டும் பூட்டிக்கொள்ளும், எவ்வளவு முறுக்கினாலும் பலகை இழுபட்டு ஒட்டாது. முறுக்கு ஏற ஏறத் தலை அறும். தலை அமரும் பள்ளத்தையும் கவுண்டர்சிங்க் பிட்டால் முன்கூட்டியே வெட்டிவிட வேண்டும்.

மரைக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுச் செலுத்தினால் முறுக்கு கண்கூடாகக் குறையும். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கருவி இம்பாக்ட் டிரைவராக இல்லாமல் கிளட்ச் (முறுக்கு கூடினால் தானே விடுபடும் அமைப்பு) உள்ள டிரில்லாக இருக்கட்டும். மெதுவான வேகம், கிளட்சை நடுவில் வைத்துத் தொடங்கி, கடைசி இரண்டு சுற்று கையால். கல்மரமாக இருந்தால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூ ஒன்றை முதலில் செலுத்திக் கழற்றி, வெட்டிய மரையில் எஸ்.எஸ். ஸ்க்ரூவை ஏற்றுவது பழைய, நல்ல வழக்கம். தலை வகையில் பிளஸ் தலையைவிட ஆறுமுனை டார்க்ஸ் தலை எத்தனையோ மேல். பிட் வழுக்காது, அதனால் அழுத்திப் பிடிக்கும் அவசியமும் தலை தேயும் பிரச்சினையும் இல்லை. 5 மி.மீ.க்கு டி25, 6 மி.மீ.க்கு டி30 பொதுவான பொருத்தம்.

அளவு வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். கடையில் நம்பர் கணக்கு, பெட்டியில் மி.மீ., ஆசாரியிடம் நூல் கணக்கு. 8 நம்பர் 4.2 மி.மீ., 10 நம்பர் 4.8, 12 நம்பர் 5.5, 14 நம்பர் 6.2 அளவில் வரும். ஒரு நூல் என்பது கால் இஞ்சில் பாதி, 3.2 மி.மீ. எனவே இரண்டரை நூல் கோச் ஸ்க்ரூ என்றால் 8 மி.மீ. தான்.

ஸ்க்ரூ எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பது அதன் தடிமனைவிட மரத்தின் அடர்த்தியைச் சார்ந்தது. தடிமனை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பாகும். ஆனால் அடர்த்தி கூடும்போது பிடிப்பு அதன் வர்க்கமாகக் கூடும். 0.45 ஒப்படர்த்தி உள்ள பைன் பலகையையும் 0.65 உள்ள தேக்கையும் எடுத்துக்கொண்டால், அதே ஸ்க்ரூ தேக்கில் இரண்டு மடங்கு இழுவையைத் தாங்கும். பேக்கிங் பெட்டி பைனில் சாமான் செய்பவர்கள் பெரிய ஸ்க்ரூ தேடுவதைவிட, அடிமரத்துக்குள் போகும் நீளத்தைக் கூட்டுவது பலன் தரும். குறைந்தது தடிமனைப் போல் 6 மடங்கு, சுமை உள்ள இடத்தில் 8 முதல் 10 மடங்கு நீளம் கீழ் மரத்துக்குள் இருக்க வேண்டும். மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நார் முடியும் முனையில் செலுத்தும் ஸ்க்ரூவை இழுவைக்கு நம்பக் கூடாது. அங்கே மரை நாரைக் குறுக்கே பிடிக்காமல் நீளவாக்கில் சீவிவிடுகிறது. கட்டில் கால், பெஞ்சுச் சட்டம் போன்றவற்றில் வெட்டுமுகத்தில்தான் போட வேண்டும் என்ற நிலை வந்தால், குறுக்கே ஒரு உருளை மரக்கட்டையைப் பதித்து ஸ்க்ரூ அதைப் பிடிக்கும்படி செய்யலாம்.

பச்சை மரத்தில் செலுத்திய ஸ்க்ரூ, மரம் காய்ந்ததும் தளர்ந்துவிடும். ஈரமானி இல்லையென்றால் ஒரு துண்டை வெட்டி வாரம் ஒருமுறை எடைபோட வேண்டும். எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று கொள்ளலாம். தருமபுரியின் பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்த பலகைக்கும் ஐப்பசி அடைமழையில் இருக்கும் அதே பலகைக்கும் அகலத்தில் வேறுபாடு உண்டு. 200 மி.மீ. அகலத் தேக்குப் பலகை பச்சையிலிருந்து காயும்போது, அறுத்த விதத்தைப் பொறுத்து, 6 அல்லது 7 மி.மீ. வரை சுருங்கக்கூடும், தைலமரம் அதைவிட அதிகம். அகலப் பலகையின் இரு ஓரத்திலும் இறுக்கமாக ஸ்க்ரூ போட்டால் பலகை நடுவில் பிளக்கும். நடுவில் ஒன்றை இறுக்கமாகவும், ஓரங்களில் 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 8 மி.மீ. துளையும் அகல வாஷரும் போட்டு அசைய இடம் விட்டும் மாட்ட வேண்டும்.

மரத்தின் ஆயுளையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பழைய தோப்பு மாற்றும்போது மாமரம் தாராளமாகக் கிடைக்கும். உள்ளே வைக்கும் மேசைக்கும் கூடைப்பெட்டிக்கும் நல்ல மரம்தான். ஆனால் மழையில் வைத்தால் பூஞ்சையும் வண்டும் சில ஆண்டிலேயே தின்றுவிடும். அதில் 304 போடுவது பணத்தை வீணாக்குவது. வைரம் பாய்ந்த தேக்கு, வேங்கை, வேம்பு என்றால் ஸ்க்ரூவும் மரத்தோடு ஒத்த ஆயுள் வாழும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓசூர்ப் பக்கத்துப் பண்ணை வீட்டில் 3 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலத்தில் தரையிலிருந்து உயர்ந்த மரமேடை. 25 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலத் தேக்குப் பலகைகள், இடையில் 5 மி.மீ. விட்டு 23 வேண்டும். அடியில் 75க்கு 50 மி.மீ. சட்டங்கள், குத்துவாக்கில் நிறுத்தி சுமார் 420 மி.மீ. இடைவெளியில் 8. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு ஸ்க்ரூ என்றால் 368, முறிவுக்கும் தவறுக்கும் சேர்த்து 400 வாங்கலாம். நீளம் 60 மி.மீ., தடிமன் 5 மி.மீ., 304, கவுண்டர்சங்க் தலை. பலகைக்கு 25 போக 35 மி.மீ. சட்டத்துக்குள் போகும், அது தடிமனைப் போல் 7 மடங்கு. பலகை ஓரத்திலிருந்து 20 முதல் 25 மி.மீ. தள்ளியும், முனையிலிருந்து 50 மி.மீ.க்குக் குறையாமலும் போட வேண்டும். முனைக்கு நெருங்கி அடித்த ஸ்க்ரூதான் பலகையைப் பிளக்கும், துளை போட்டிருந்தாலும். ஒரே சட்டத்தில் வரிசையாக வரும் ஸ்க்ரூக்களை நேர்கோட்டில் வைக்காமல் 10 மி.மீ. முன்னும் பின்னும் மாற்றி வைத்தால் சட்டத்தின் நார் ஒரே கோட்டில் விரியாது.

சுமை தாங்கும் சட்டங்களுக்கு, அதாவது சாய்ப்புக் கூரையின் உத்திரத்தில் கைமரம் மாட்டுவதற்கு, கோச் ஸ்க்ரூ. கைமரம் 75 மி.மீ. உயரம், உத்திரத்துக்குள் 8 மடங்கு வேண்டும் என்றால் 64, ஆகவே 8 மி.மீ. தடிமன், 140 மி.மீ. நீளம். கைமரத்தில் 8 மி.மீ. துளை, உத்திரத்தில் 6. தலைக்கு அடியில் 24 மி.மீ. அகல வாஷர், 13 மி.மீ. ஸ்பானர். இரு பக்கமும் கை எட்டும் இடமாக இருந்தால் கோச் ஸ்க்ரூவைவிட போல்ட் நட்டே மேல். ஆனால் எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை வேகமாக முடுக்கினால் மரையும் மரையும் உரசிச் சூடாகி ஒன்றோடொன்று ஒட்டிப் பூட்டிவிடும். அப்புறம் ஆக்சா பிளேடுதான் கதி. கிரீஸோ மெழுகோ தடவி, கையால் மெதுவாகத் திருகினால் இந்தத் தொல்லை வராது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையை எஸ்.எஸ். ஸ்க்ரூவால் மாட்டலாம், பரப்பு பெரிய துத்தநாகம் சிறிய ஸ்க்ரூவுக்காக மெல்லத்தான் கரையும். எஸ்.எஸ். பட்டையில் ஜி.ஐ. ஸ்க்ரூ போட்டால் ஸ்க்ரூ சீக்கிரம் அழியும். தாமிர உப்பு மருந்து ஏற்றிய சவுக்கு, தைலமரக் கம்பங்களுக்கும் எஸ்.எஸ். தான் சரி, தாமிரம் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும்.

பக்கத்தில் கிரில் வெல்டிங்கோ கட்டிங் மெஷினோ ஓடினால் பறக்கும் இரும்புத் துகள் எஸ்.எஸ். தலையில் ஒட்டித் துருவாகத் தெரியும். ஸ்க்ரூ துருப்பிடித்தது என்று நினைக்க வேண்டாம், துணியால் மூடி வைத்தால் தவிர்க்கலாம்.

304 தோற்கும் இடங்களும் இந்த இரண்டு மாவட்டங்களில் உண்டு. முதலாவது பட்டுப்புழு வளர்ப்பு மனை. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் 2 சதவீத ப்ளீச்சிங் பவுடர் கரைசலோ குளோரின் டை ஆக்சைடோ தெளிக்கிறார்கள், புழு வளர்க்கும் மரத் தாங்கிகளும் சேர்ந்து நனையும். குளோரின் எஸ்.எஸ்.ஸின் காப்புப் படலத்தைத் துளைக்கும். மேலே பளபளவென்று இருக்க, தலைக்கு அடியில் ஊசிமுனைக் குழிகள் விழும். அங்கே 316 போட்டு, தெளித்த பிறகு நல்ல தண்ணீரால் தாங்கியைக் கழுவுவது அவசியம். கழுவ முடியாத இடத்தில் கிடைச்சட்டங்களைக் கயிற்றால் கட்டும் பழைய முறையே நல்லது. 410 அங்கே எடுத்த எடுப்பிலேயே போகும்.

இரண்டாவது, உப்புத் தண்ணீர் போர்வெல். சொட்டுநீர்க் குழாயோ தொட்டி வழிசலோ தொடர்ந்து நனைக்கும் இடம். குளோரைடு லிட்டருக்கு 200 மி.கி.க்குள் இருந்தால் 304 தாக்குப்பிடிக்கும், அதைத் தாண்டினால் 316. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் குளோரைடு என்ற வரியைப் பார்த்தால் போதும். இந்தப் பகுதி நிலத்தடி நீரில் பெரிய பிரச்சினையாகச் சொல்லப்படுவது ஃபுளோரைடு, ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். ஆனால் லிட்டருக்குச் சில மில்லிகிராம் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், ஸ்க்ரூவைக் கெடுக்காது.

மூன்றாவது, மண்ணுக்குள் புதைத்த மரம். எஸ்.எஸ். தன் காப்புப் படலத்தைப் புதுப்பிக்கக் காற்று வேண்டும், எப்போதும் ஊறிய மரத்துக்குள் அது கிடைக்காது. தொழுவத்தில் மாட்டு மூத்திரமும் சேரும். கல்லுக்குப் பஞ்சமில்லாத கிருஷ்ணகிரியில் மரத்தூணை மண்ணில் நடுவதற்கு அவசியமே இல்லை. ஒரு முழம் கல்தூண் நட்டு, அதன் மேல் யூ வடிவப் பட்டை பதித்து, மரத்தை அதில் நிறுத்திப் போல்ட் போட்டால் மரமும் நிற்கும், போல்ட்டும் நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் சில முறியும். தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப்பால் பிடித்து, முன்னும் பின்னும் சிறிது அசைத்து எதிர்ச்சுற்றில் எடுக்கலாம். மரத்தோடு மட்டமாக முறிந்திருந்தால் அதன் மேலேயே துளை போட முயலக் கூடாது. எஸ்.எஸ். தேயத் தேய இறுகும், பிட் வழுக்கிப் பக்கத்து மரத்தைத்தான் தின்னும். ஸ்க்ரூவைவிடச் சற்று அகலமான உட்துளை உள்ள இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றின் முனையில் அரத்தால் பற்கள் வெட்டி, டிரில்லில் மாட்டி, எதிர்ச்சுற்றில் ஓட்டினால் முறிந்த தண்டைச் சுற்றி மரம் வெட்டுப்பட்டு, தண்டு பெரும்பாலும் குழாயோடு வெளியே வரும். மீதமுள்ள ஓட்டையை அடுத்த பெரிய அளவுக்குச் சீராக்கி, அதே மரத்தில் கடைந்த உருளையைப் பசை தடவி இறக்கி, ஒரு நாள் காயவிட்டுப் புதுத் துளை போடலாம். கண்ணில் படாத இடமாக இருந்தால் முறிந்ததை அப்படியே விட்டுவிட்டு, அதே நார்க்கோட்டில் வராமல் 25 மி.மீ. தள்ளி வேறு ஸ்க்ரூ போட்டாலும் போதும். எஸ்.எஸ். ஆனதால் உள்ளே கிடப்பது கறையும் விடாது, மரத்தையும் பிளக்காது.